ஓரம் தேயாத டயர்: சிடியாட்டாப்பு போகும் வழியில் ஒரு வளைவு

எங்கள் தீவின் தென்கோடியில் இருக்கும் சிடியாட்டாப்புக்கு எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்கப் போவார்கள். நானும் அப்பாவும் இந்த நவம்பரில், கல்லறைத் திருநாளன்று, அதற்கு முன்னால் காட்டுக்குள் வரும் ஒரு வளைவுக்குப் போனோம். என் அண்ணன் சேவியர் போன வருடம் மழையில் பைக்கோடு விழுந்து இறந்த இடம் அது.

அண்ணன் தினமும் கராச்சர்மாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஜங்லிகாட் மீன் துறைக்குப் போய் மீன் எடுத்து, பின்னால் ஐஸ் பெட்டி கட்டி, டவுனில் கொடுப்பான். அன்று மட்டும் ஒரு விசேஷ வீட்டுக்காகச் சிடியாட்டாப்பு பக்கம் போனான். வேகமாகப் போய் விழுந்தான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டார். போன வருடம் இதே திருநாளில் அவன் கல்லறையில் அம்மாவும் நானும்தான் மெழுகுவர்த்தி ஏற்றினோம். "பறந்து போனவனுக்கு வெளக்கு எதுக்கு" என்று அப்பா கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். இப்போது டவுனில் ஒரு தையல் கடையில் வேலை. லைசென்ஸ் கிடைத்ததும், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அண்ணன் வண்டியைக் கேட்டேன். அக்டோபரில் அப்பாவும் நானும் அதை டயர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் தெலுங்குக்காரர், ஹிந்தியும் தமிழும் கலந்து பேசுவார். எங்கள் கதை அவருக்குத் தெரியாது. பின் டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சாச்சா, இது யாரு ஓட்டினது? பீச் மே, நடுவுல, மொட்டை. ஓரம் ஏக்தம் புதுசு, புது டயர்ல நீட்டிட்டிருக்கிற ரப்பர் முடி கூட போகல. வளைவுல வண்டியச் சாய்ச்சதே இல்ல. ரொம்ப டர்ப்போக் ஆளு, பயந்து பயந்து போயிருக்கான்."

வேகமாக வளைபவன் வண்டியைச் சாய்ப்பான், டயரின் ஓரமும் தேயும். மெதுவாக நிமிர்ந்தே போகிறவனுக்கு நடுப்பகுதிதான் தரையில் படும். அது மொட்டையாக இருந்தால், ஈரத்தில் வழுக்க வேகமே தேவையில்லை. இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா வெளியே போய்விட்டார். நான் புது டயர் போடச் சொன்னேன்.

கல்லறைத் திருநாளன்று மதியம் இரண்டரைக்குப் புறப்பட்டேன். அப்பாவும் பின்னால் ஏறிக்கொண்டார். சுமார் இருபது கிலோமீட்டர், நிதானமாகப் போனால் முக்கால் மணி நேரம். பர்மாநல்லா பக்கம் கடல் இடது கையில் வரும். பிறகு காடும் வளைவுகளும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், சாய்ந்த பிறகு பிரேக்கைத் தொடக்கூடாது, கண் சாலை போய் முடியும் இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் நான் இடது பக்கம் சாய்ந்தால் அப்பா பயத்தில் வலது பக்கம் சாய்ந்தார். வண்டி வளைவுக்கு வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனது. "சாய்க்காதட்டி" என்று மட்டும் சொன்னார்.

அந்த வளைவு இவ்வளவு சின்னது என்று நான் நினைக்கவில்லை. ஓரமாக நிறுத்தினோம். அப்பா சட்டைப் பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார். காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்.

"அவன் டயர் மாத்தணும்னு கேட்டாம்ட்டி. ஓரத்துல பட்டன் நல்லாத்தான கெடக்கு, மெயின்லேண்டுல இருந்து கப்பல் வரட்டும்னு நாந்தான் சொன்னேன்."

டயரில் மேடாக இருக்கும் கட்டைகளைத்தான் பட்டன் என்பார்கள். இங்கே எல்லா வீட்டிலும் இப்படித்தான் பார்ப்போம். கப்பலில் சரக்கு வரும்வரை ஓரத்தைத் தடவிப் பார்த்து ஓட்டுவோம். அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மெழுகு அவர் விரலில் வழிந்தது, அவர் கையை எடுக்கவில்லை.

கடற்கரைக்குப் போகவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று நாலரைக்கே திரும்பினோம். திரும்பும்போது ஒவ்வொரு வளைவிலும் அப்பா என்னோடு சேர்ந்தே சாய்ந்தார்.

நீங்கள் இங்கே வந்து வண்டி வாடகைக்கு எடுத்தால், கொடுப்பவர் காட்டும் ஓரத்தைப் பார்க்காதீர்கள். நடுவைத் தடவிப் பாருங்கள். தட்டையாக, வழவழப்பாக இருந்தால் வேறு வண்டி கேளுங்கள். மழை வந்தால் நின்றுவிடுங்கள். பின்னால் இருப்பவரையும் உங்களோடு சாயச் சொல்லுங்கள்.

இப்போது தினமும் காலையில் நான் கிளம்புவதற்கு முன் அப்பா வண்டியின் பக்கத்தில் குனிகிறார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத டயர். அதன் நடுவில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்த பிறகுதான் சாவியைத் தருகிறார்.