கோடை விடுமுறைக்குப் போன பந்துப்பூ

போன ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் இருக்கும் கரியாலூரில், எனக்கு வயிறாரச் சோறு போட்டவளைப் பார்த்து, 'என் செடியை மாற்றிவிட்டாய்' என்கிற மாதிரி பேசிவிட்டேன். பேசின வாய் இன்னும் கசக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். அப்புறம் திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள்.

என் வீட்டு வாசல் உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் அதைப் பற்றி எத்தனை முறை புலம்பியிருக்கிறேன்! சித்திரையில் மல்லி கொட்டும். ஆடிக் காற்று செம்பருத்தியின் கிளையை ஒடித்துப் போடும். ஐப்பசி மழை விட்டதும் டிசம்பர் பூ ஊதாவாய் எட்டிப் பார்க்கும். தை பிறந்தால் சாமந்தி. இவர்களெல்லாம் உள்ளூர்க்காரர்கள். கள்ளக்குறிச்சி வெயிலைத் திட்டிக்கொண்டே பிழைத்துக்கொள்வார்கள் — என்னைப் போல.

பந்துப்பூ அப்படி இல்லை. ஏற்காடு போனபோது ஆசைப்பட்டு வாங்கி வந்த ஹைட்ரேஞ்சியா. கொத்துக் கொத்தாய், பந்து பந்தாய்ப் பூப்பதால் எங்கள் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் பந்துப்பூ. நல்ல ரோஸ் கலர். ஆனால் குளிர்ச்சி வேண்டும், நிழல் வேண்டும், வேளா வேளைக்குத் தண்ணீர் வேண்டும். பங்குனி வந்தாலே இலைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். வாங்கிய வருஷம், கோடை முழுக்க அதற்கு ஈரச் சாக்குப் பந்தல் போட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"எனுக்கு ஜொரம் வந்தப்போ கூட நீ இப்பிடி ஒக்காந்து பாத்துக்கலியே" என்றார் என் கணவர்.

உண்மைதான். ஆனால் அவர் வாடவில்லையே!

அந்தச் சமயத்தில்தான் பூங்கொடி பழக்கமானாள். கரியாலூரில், அருவிக்குப் போகிற வழியில் சின்னதாய்ச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள். அருவி பார்க்கப் போன நாங்கள் அவள் கடையில் சாப்பிட்டோம். கடைக்குப் பின்னால் அவள் வளர்த்திருந்த டேலியாவைப் பார்த்துவிட்டு, கைகூடக் கழுவாமல் அங்கே போய் நின்றேன். செடிப் பைத்தியங்களுக்கு ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துவிடும். பந்துப்பூ படும் பாட்டை நான் சொல்லச் சொல்ல, அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள்: "வெயில் காலத்துல இங்க இட்டாந்து வுட்டுடுங்கக்கா. மழை வந்ததும் இட்டுக்கினு போங்க."

பிள்ளைகள் லீவுக்கு மாமா வீட்டுக்குப் போவதில்லையா? அதே ஏற்பாடுதான்.

சித்திரை பிறந்ததும் தொட்டியோடு பஸ் ஏறுவேன். மலைப்பாதை வளைவுகளில் தண்டு ஆடாமல் இருக்க, ஒரு குச்சி நட்டு, பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து முடிச்சுப் போட்டுவிடுவேன். ஜன்னலோர சீட் அதற்கு. "இன்னாம்மா, செடிக்கு வாந்தி வருமா?" என்று கண்டக்டர் ஒருமுறை கேட்டார். ஆவணியில் போய் அழைத்து வருவேன். இப்படியே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம் ஆவணியில் எனக்கு முழங்கால் வலி. புரட்டாசியும் பாதி ஓடிவிட்டது. வாசலில் அந்த இடம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வீடே பிடிக்கவில்லை. போன ஞாயிறு கணவரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கடைக்குப் பின்னால் போனால்... என் தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது. காலி! பக்கத்தில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு புதர். புதர் முழுக்கப் பூ. அத்தனையும் நீலம்.

"பூங்கொடி, என் செடி எங்க?"

"இதாங்கக்கா" என்று புதரைக் காட்டினாள். முகமெல்லாம் பெருமை. "தொட்டிக்குள்ள வேரு சுத்திக்கினு, மூச்சு முட்டிக்கினு கெடந்துச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சுங்க. தரையில வெச்சிட்டேன்."

"இது என்னுது இல்ல. என்னுது ரோஸ்."

"இங்க வெச்சப்புறம் பூ இப்பிடி ஆயிடுச்சுங்கக்கா."

"பூ எங்கயாவது கலர் மாறுமா? என் செடி செத்துப்போச்சுன்னா சொல்லிடு. வேற செடியக் காட்டி ஏன் சமாளிக்கிற?"

கணவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

பூங்கொடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து இலைகளை விலக்கினாள். அடித்தண்டில், மண் அப்பிக்கொண்டு, ஒரு துணி முடிச்சு. மங்கிப்போன சுங்குடிப் புள்ளிகள்... என் சேலை. என் முடிச்சு.

"நான் இன்னாத்துக்குங்கக்கா மாத்தப் போறேன்?" என்றாள். விருட்டென்று உள்ளே போனவள் கடப்பாரையோடு திரும்பி வந்தாள். "இட்டுக்கினு போங்க. வேரு அறுந்தா என்னைக் கேக்காதீங்க."

முதல் குத்து விழுந்தது. மண் பொலபொலவென்று பிளந்தது. உள்ளே பார்த்தால்... வெள்ளை வெள்ளையாய் வேர்கள், நாலாபக்கமும் ஓடியிருக்கின்றன. ஒரு வாளி அளவுத் தொட்டிக்குள் இத்தனை நாளும் இதையா அடைத்து வைத்திருந்தேன்? எனக்கு அழுகை வந்துவிட்டது. செடியை நினைத்தா, பூங்கொடியைச் சொன்ன சொல்லை நினைத்தா, இனி அது வராத என் வாசலை நினைத்தா... எல்லாவற்றுக்கும்தான்.

"நிறுத்து பூங்கொடி. மூடிடு."

"கோவத்துல சொல்றீங்களா?"

"இல்ல. வெக்கத்துல."

அவள் கடப்பாரையைக் கீழே போட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து கையாலேயே மண்ணைத் தள்ளி அமுக்கினோம். கணவர் எங்கிருந்தோ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அவர் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இறங்கி வரும்போது என் மடியில் காலித் தொட்டி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, சென்னையில் இருக்கும் மகள் போனில் சிரிசிரி என்று சிரித்தாள். "அந்தச் செடியே அப்படித்தாம்மா. மண்ணுல அமிலம் ஜாஸ்தின்னா நீலமா பூக்கும், கம்மின்னா ரோஸா பூக்கும்."

இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் அவ்வளவு பேச்சு பேசினேன்!

யோசித்துப் பார்த்தால், மனுஷர்களிடமும் நாம் இதைத்தானே செய்கிறோம்? வெளியூர் போன மகன், வேலை மாறிய சிநேகிதி... கொஞ்ச நாள் கழித்து வேறு நிறத்தில் வந்து நின்றால், 'இவங்க நம்ம ஆளே இல்லை' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். போன இடத்தில் மண் நன்றாக இருந்திருக்கிறது என்று சந்தோஷப்படத் தோன்றுவதில்லை. நான் இல்லாமலே நன்றாக இருந்துவிட்டார்களே என்கிற வயிற்றெரிச்சல்தான், வேறென்ன?

முந்தாநாள் பூங்கொடி போன் செய்தாள். பயந்துகொண்டேதான் எடுத்தேன். அவளும் ஆசை ஆசையாய் ஒரு தொட்டியில் மல்லி வைத்திருக்கிறாளாம். மார்கழிக் குளிர் வந்தால் மொட்டே விடாமல், இலை பழுத்து நின்றுவிடுகிறதாம்.

"பனி முடியற வரைக்கும் உங்க வூட்ல வெச்சிக்கிறீங்களாக்கா? தை கழிச்சு நானே வந்து இட்டுக்கினு போயிடறேன்."

"தாராளமா கொண்டா" என்று சொல்லிவிட்டேன்.

வாசலில் குழி வெட்டியாகிவிட்டது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.