மடியில் வந்த இரும்பு ஹெட்

என் வீட்டுக்காரரின் நாட்டுப்படகு எஞ்சினுக்கு அலுமினிய ஹெட்தான் சரி என்று தீர்ப்புச் சொன்ன மேதாவி நான்தான். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது மாதம்.

அதற்கு முந்தின மாதம் பழைய ஹெட் நடுக்கடலில் விரிசல் விட்டு எஞ்சின் நின்றுபோனது. எஞ்சினுக்கு மேல்மூடிபோல உட்கார்ந்து, உள்ளே வெடிக்கிற சூட்டையெல்லாம் தாங்குகிற பாகம் அது. காற்று படகை எல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டே போக, வேறொரு படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எல்லையைத் தாண்டியிருந்தால் அந்த நாட்டுக் கடற்படைக்காரர்கள் பிடித்துப் போயிருப்பார்கள். எப்போது விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மத்தியானம் முழுக்கக் கரையில் நின்றவள் நான். புது ஹெட் வாங்க நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

புதுக்கோட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டு வகையையும் எடுத்து வைத்தார்கள். வார்ப்பிரும்பு கறுப்பாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. அலுமினியமோ பளபளவென்று இருந்தது. தூக்கினேன், ஒரே கையில் வந்துவிட்டது! அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரர் இரும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆலங்குடிக்காரி, விடுவேனா? எங்கள் தென்னந்தோப்புக் கிணற்று எஞ்சினில் அலுமினிய ஹெட்தான், சூடு சீக்கிரம் ஆறும், நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து ஓடுகிறது என்று கடையே கேட்கும்படி அளந்து தள்ளினேன். அவர் இரும்பைக் கீழே வைத்தார். திரும்பும்போது பைக்கில் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். பூவாளி எது தெரியுமா? அம்மா சீராகக் கொடுத்த அலுமினியக் குண்டான். கடற்கரைக்கு வந்த புதிதில், விவரம் தெரியாமல் மீனை உப்புப் போட்டு அதிலேயே ஊற வைத்துக்கொண்டிருந்தேன். நாலே மாதத்தில் அடி முழுக்கப் பொத்தல். அன்றைக்கும் தண்ணீர் நூல் நூலாக ஒழுகியது. சிரித்துக்கொண்டே நின்றவளுக்குச் சட்டென்று சிரிப்பு நின்றது. படகு எஞ்சின் கடல் தண்ணீரை உறிஞ்சித்தானே தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது? எங்கள் தோப்பு எஞ்சின் குடித்ததெல்லாம் நல்ல தண்ணீராயிற்றே!

தப்பை ஒத்துக்கொள்வது எங்கள் வம்சத்திலேயே கிடையாது. ஆனால் இழுத்து வந்த அந்தக் கயிறு கண்ணுக்குள் வந்து நின்றது. குண்டானைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"நான் சொன்னது கெணத்துக்குத்தாங்க ஆகும். கடலுக்கு ஆகாது."

அவர் குண்டானைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியுமாம். கடையிலேயே சொல்வதற்கென்ன என்று கேட்டேன்.

"நீ அம்புட்டு சந்தோசமா இருந்த. கொஞ்ச நாள் தாங்கும், பொறவு மாத்திக்கலாம்னு இருந்துட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். "என் சந்தோசத்துக்காக நீங்க நடுக்கடல்ல போயி நிப்பீங்களோ?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகையும் வந்தது, அழும்போதே சிரிப்பும் வந்தது.

மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். இன்னும் மாட்டாத ஹெட் என்பதால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். இரும்பு ஹெட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் தொடை கழன்றுவிடும்போல இருந்தது. அறந்தாங்கி டீக்கடையில் ஒரு அம்மா, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். நேற்றுத்தான் பிறந்தது, எடைதான் கொஞ்சம் அதிகம் என்றேன். என் வீட்டுக்காரருக்கு டீ புரையேறி, சட்டையெல்லாம் டீ.

ஹெட்டை மாட்டி, முதல் தடவை படகு கடலுக்குப் போன அன்று காலையிலிருந்தே கரையில் காத்து நின்றேன். வெயில் ஏறிய பிறகு டபடபவென்று சத்தம் கேட்டது. பின்னால் கயிறு இல்லை, முன்னால் இன்னொரு படகு இல்லை, தானாகவே வந்துகொண்டிருந்தது. என் தொடையில் இரும்பு அழுத்திய இடம் அப்போதும் கன்றிப்போய் நீலமாகத்தான் இருந்தது. சேலைக்கு மேலேயே அழுத்திப் பார்த்தேன். நன்றாக வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக எனக்கு எதுவும் வலித்ததில்லை.