தங்கவயலிலிருந்து திரும்பி வந்தவள்

நாங்கள் அல்சூரில் குடியிருந்தபோது எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தச்சர். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை. என் கணவருக்கும் அங்கேதான் வேலை. ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தது போன்ற இரண்டு வீடுகள். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் இருமல் வரும். வெள்ளைக்காரர்கள் போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்குக் கல்யாணமாகிப் புதிது.

தச்சருடைய மனைவி என்னைவிடச் சின்னவள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். பகலெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவோம். கை இரண்டும் பத்திக்குப் பிசைந்த கரிமாவில் கறுத்திருக்கும். சாயங்காலம் தச்சர் தெருமுனையில் வரும்போதே, "ஏய் கரிக்கையி, டீ போட்டியா?" என்று குரல் கொடுப்பார். "கரிக்கையின்னு கூப்பிட்டா டீயும் கரியாத்தான் இருக்கும்" என்று இவள் உள்ளேயிருந்து பதில் சொல்வாள். அவர்கள் பேச்சு எங்கள் வீட்டுக்குள் அப்படியே கேட்கும். கேட்டு நாங்களும் சிரிப்போம்.

தலைப்பிரசவத்துக்கு அவள் தங்கவயலுக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். குழந்தை பிறந்த அன்றே இறந்துவிட்டது. அதற்குப்பின் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். பிழைத்ததே பெரிது என்றார்கள். சில மாதம் கழித்துத் திரும்பி வந்தாள்.

ஸ்டேஷனிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு அவர் வந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்தார். அவள் பின்னால் வந்தாள். முடியெல்லாம் கொட்டி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, ஒதுங்கி நின்று, "உள்ளே போங்க" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணே, அவளுக்குப் பதிலா வேற யாரையோ அனுப்பிச்சிருக்காங்க."

"என்னப்பா சொல்ற? ஒடம்பு எளச்சிருக்கு. அதான் அப்படித் தெரியுது."

"மூஞ்சி அதேதாண்ணே. கழுத்துல இருக்கிற மச்சம்கூட அதே எடத்துல இருக்கு. ஒரு நாற்காலிய வெச்சுக்கிட்டு அதே மாதிரி இன்னொன்னு செய்றோம் இல்ல? பார்த்தாத் தெரியாது. உக்காந்தாத் தெரியும்."

அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஊர் புரிந்துகொண்டிருக்கும். அவர் மரியாதையாக நடந்துகொண்டார். கட்டிலை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வாசல் பக்கம் படுத்தார். சோறு போட்டால், "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்பார். சம்பள நாளில் எப்போதும் போலப் பூ வாங்கி வந்தார். ஆனால் அதை அவள் கையில் கொடுக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். "அவளை எப்போ அனுப்புவாங்க, ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று அவளிடமே விசாரிப்பார்.

எங்களிடம் வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா கன்னடத்துக்காரர், நல்ல மனசுள்ளவர்தான். ஆனால் அவர், "அவனுக்கு ஒண்ணும் இல்லம்மா. இவளைத்தான் என்னமோ பிடிச்சிருக்கு. புருஷனுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டார். அது தெருவில் பரவியது. குழாயடியில் அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தைச் சற்று நகர்த்திக்கொண்டார்கள்.

ஒருநாள் பத்தி உருட்டிக்கொண்டிருந்தபோது அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. நான் நான்தானே?"

"நீதாண்டி" என்றேன். ஆனால் அதைச் சொல்வதற்குமுன் அவள் முகத்தை உண்மையாகவே பார்த்தேன். பார்க்கப் பார்க்க அந்த முகம் மூக்கு, வாய், கண் என்று தனித்தனியாகப் பிரிந்துபோயிற்று. என் குரல் கொஞ்சம் தாமதமாக வந்திருக்க வேண்டும். அவள் மறுபடி பத்தி உருட்ட ஆரம்பித்தாள்.

அதற்குச் சில நாள் கழித்து அவர் வேலை விட்டு வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். வீட்டின் பின்பக்கம் ஒரு சின்னக் குளியலறை, பலகைக் கதவு. அவர் கதவைத் தட்டியதும், "இருங்க, வரேன்" என்றாள். உடனே அவர் அலறியது எங்களுக்குக் கேட்டது.

"வந்துட்டியா? ஏய், எப்போ வந்தே?"

கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அவளும் உள்ளே அழுதாள். "நான்தாங்க, நான்தான்" என்று சொல்லியபடியே ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். சத்தம் கேட்டு நான் பின்கட்டுக்கு ஓடியிருந்தேன். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்கூடப் பார்த்தார்.

"அவ எங்கங்க? இப்போ பேசினாளே?"

அன்றிலிருந்து தினமும் அவர் வரும் நேரத்தில் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அவர் வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். சண்டை, கேலி, சிரிப்பு எல்லாம் பழையபடி கேட்டது. கரிக்கையி என்று அவர் கூப்பிட்டார். டீயைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். அவள் கதவைத் திறந்ததும் எழுந்து நின்று, "ரொம்ப உபகாரங்க. அவகூடப் பேச விட்டீங்க" என்பார்.

"உள்ளே இருக்கும்போது நான் அவர் பொண்டாட்டி" என்றாள் என்னிடம். "வெளியே வந்தா விருந்தாளி. சில நேரம் வெளியே வரவே மனசு இல்லக்கா."

உள்ளே இருக்கும் நேரம் நீண்டுகொண்டே போயிற்று. ஒருநாள் விடிந்ததும் அவர் எங்கள் வாசலில் நின்றார். நேற்று உள்ளே போனவள் இன்னும் திறக்கவில்லை என்றார். என் கணவர் கடப்பாரை எடுக்கப் போனபோது அவர் குறுக்கே நின்றுவிட்டார். "ஒடைக்காதீங்கண்ணே. தொறந்தா அவ போயிடுவா."

கடைசியில் என் கணவர் அவரை விலக்கிவிட்டுக் கீலைக் கழற்றினார். அவள் ஈரத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். நடுநடுவே நிறுத்தி, யாரோ பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தாள். பிறகு பதில் சொன்னாள்.

அன்றே இரண்டு பேரையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வோம். அவளைச் சில நாளில் அனுப்பிவிட்டார்கள். அவரைப் பல மாதம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது சதை போட்டு, சாந்தமாக இருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அவளைப் பார்த்து, "என்ன, சௌக்கியமா?" என்றார். தெருவே நிம்மதியாயிற்று. குழாயடியில் மறுபடி அவளோடு பேச ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று என் கணவரைத் தனியே கூப்பிட்டு அவர் சொன்னாராம். "அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அவ வரமாட்டா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டாக்டர்கிட்ட இவதான்னு ஒத்துக்கிட்டேன். பாவம், இந்தப் பொண்ணு எங்கே போவா? எவ்வளவு நாளாச் சமைச்சுப் போடறா." என் கணவர் இதை என்னிடம் சொன்னார். நான் அவளிடம் சொல்லவில்லை.

பிறகு நாங்கள் ஜீவனஹள்ளிக்குக் குடிபோனோம். போக்குவரவு குறைந்தது. பல வருஷம் கழித்து அல்சூர் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். உடம்பு தேறி, முடி நன்றாக வளர்ந்து, தோளுயரம் வளர்ந்த மகளோடு நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவர் எப்படி இருக்கார்?" என்றேன்.

"நல்லா இருக்கார்க்கா. எங்க ரெண்டு பேர் மேலயும் உசிரு." கொஞ்சம் அருகே வந்தாள். "முதல்ல இருந்தவளைப் பத்தி எப்பவாச்சும் பேசுவார். நான் தடுக்கறதில்ல. நெனச்சுட்டுப் போகட்டும். அவளும் பாவம்தானே. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவ."

வேடிக்கைக்குச் சொல்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. அறிந்த ஒருத்திக்காக வருத்தப்படுகிறவளின் முகம் அது.

"உங்களுக்கு அவளை நல்லாத் தெரியும் இல்லக்கா?" என்று கேட்டாள். "எப்படி இருப்பா?"

"நல்லாச் சிரிப்பா" என்றேன்.

தலையாட்டிக்கொண்டாள். மகள் பையை நீட்ட, வெண்டைக்காயை வாங்கிப் போட்டுக்கொண்டு, பஸ் வந்துவிட்டது என்று இருவரும் ஓடினார்கள்.