பாசி என்று எழுத மாட்டேன்

நாற்பத்து மூன்றாம் வருஷம், தை மாதம். தென்காசியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். மெட்ராஸில் எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தவளுக்குத் தென்காசியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். யுத்த காலம். குண்டு விழும் என்ற பயத்தில் பட்டணத்தில் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். எங்கள் கல்லூரியும் அந்த வருஷம் வெளியூர்ப் பெண்களை, அவரவர் ஊர்ப் பக்கத்துப் பள்ளியிலேயே பாடம் நடத்திப் பழகுங்கள் என்று அனுப்பிவிட்டது. எனக்கு ஊர் இலத்தூர். தென்காசியில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டேன்.

வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. நான் தேறினால் வேலைக்குப் போகலாம். தேறாவிட்டால், செங்கோட்டையில் சித்தப்பா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. பரீட்சையில் தோற்றவளுக்குத் தண்டனையாக ஒரு மனிதரைக் கொடுக்கிறார்களே என்றுதான் எரிச்சலாக வந்தது.

எனக்கு மேற்பார்வையாளராக வாய்த்தவர், பக்கத்து ஆண்கள் பள்ளியில் இருபது வருஷமாக சயின்ஸ் நடத்திக்கொண்டிருந்தவர். சயின்ஸ் சார் என்றே சொல்லிவிடுகிறேன். பாடக் குறிப்பை முந்தின நாளே எழுதி அவரிடம் காட்ட வேண்டும். சிவப்பு மையில் அவர் கையெழுத்து விழுந்தால்தான் மறுநாள் வகுப்புக்குள் கால் வைக்கலாம். கெட்டவர் இல்லை. கடைசி பெஞ்சு வரை குரல் போவது எப்படி, வகுப்புக்கு முதுகைக் காட்டாமல் போர்டில் எழுதுவது எப்படி என்றெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் புத்தகத்தில் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை அவருக்கு.

நான் நடத்தியதில் இரண்டே பாடங்களுக்குத்தான் மார்க். முதல் பாடம் நாலாம் பாரத்துக்கு, அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்புக்கு, பூவின் பாகங்கள். எல்லாரும் செம்பருத்தியை வைத்துக்கொண்டு நடத்துவார்கள். நானும் அப்படியே நடத்திவிட்டு, கடைசிப் பத்து நிமிஷத்தில் குற்றாலத்துச் செடி ஒன்றைக் காட்டுவதாகக் குறிப்பில் எழுதியிருந்தேன். என்ன செடி என்று அவர் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தச் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குற்றாலத்தில் குளித்தவர்களுக்குத் தெரியும், அருவிக்கு அடியில் பாறை மேல் கரும்பச்சையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காலை வைத்தால் வழுக்கும். பாசி என்று திட்டிக்கொண்டே குளிப்போம். அதில் பாசி அல்லாத ஒன்றும் உண்டு. பார்ப்பதற்குப் பாசி மாதிரியே இருக்கும், ஆனால் பூத்துக் காய்க்கும் செடி. சீசன் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் கிடந்துவிட்டு, அருவி வற்றிப் பாறை வெளியே தெரியும்போது கடுகளவு பூவாகப் பூத்துத் தள்ளும். பிறந்ததிலிருந்து அதை மிதித்துக் குளித்தவள் நான். ஆனால் அது பூக்கும் என்று எனக்குத் தெரிந்தது மெட்ராஸில், கல்லூரி ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குப்பி ஒன்றில் 'குற்றாலம்' என்று சீட்டு ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்துத்தான். அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தைவிட ரோஷம்தான் வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளாவது இதை எங்கள் ஊரிலேயே தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு மெயின் அருவிக்குப் போனேன். தண்ணீர் மெலிந்து ஒரு ஓரமாக இறங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த பாறையில் பூத்திருந்தது. கொண்டை ஊசியால் சுரண்டி எடுத்து, வாடிவிடக் கூடாதே என்று கூஜாவில் அருவித் தண்ணீரைப் பிடித்து அதற்குள் போட்டேன். குற்றாலத்துக்குப் போனால் கூஜாவில் தண்ணீர் பிடித்து வராத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. நானும் அதைத்தான் செய்தேன். யோசிக்கவே இல்லை.

மறுநாள் வகுப்பில் பெருமையாகக் கூஜாவைத் தட்டில் கவிழ்த்தேன். கொழகொழவென்று பழுப்பாக ஏதோ விழுந்தது. பூ ஒன்றுகூட இல்லை. நாற்றம் வேறு. முதல் பெஞ்சுப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், பின் பெஞ்சில் சிரிப்பு அடங்கவில்லை. தண்ணீர் விலகினால்தான் பூக்கும் என்று அப்போதுதான் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத் திரும்பவும் தண்ணீரிலேயே போட்டு ஒரு ராத்திரி முழுக்க அழுகவிட்டவளும் நானேதான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சயின்ஸ் சார் எழுந்து வந்து தட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பாசிக்கு எங்கன பூ பூக்கும்? காலை வாரி விடுத சனியனைக் கொண்டாந்து பூன்னு சொல்லுதியே."

"பாசி இல்ல சார். நேத்து பூவோட இருந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன். தண்ணியில போட்டது என் தப்பு."

"பிள்ளைகள் பார்க்கல்லியே. போர்டுல இது பாசின்னு எழுது. அவுங்க நோட்டுல எழுதிக்கிடட்டும். நான் மார்க்குல கை வைக்கல."

உண்மையில் அவர் எனக்கு ஒரு வழி விட்டுத்தான் பேசினார். ஒரு வரி எழுதினால் போதும், முடிந்துவிடும். முப்பது நோட்டுகள் திறந்து, முப்பது பேனாக்கள் காத்துக்கொண்டிருந்தன. சாக்பீஸை எடுத்தேன். 'இது பூக்கும் செடி. நம்பாதவர்கள் சனிக்கிழமை காலை மெயின் அருவிக்கு வந்து பார்க்கலாம்' என்று எழுதினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு வாங்கிய மார்க் பாஸுக்கு ரொம்பக் கீழே. அடுத்த திங்கட்கிழமை இரண்டாம் பாடம். அதை ஆரம்பிக்கும் முன் முதல் பாடத்தைத் திருத்திச் சொன்னால் இரண்டையும் சேர்த்துத் தேறவைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். விஷயம் இலத்தூர் வரை எட்டிவிட்டது. அப்பா வந்து, "ஒத்த வார்த்தை சொல்லிட்டுப் போயேன் ஏட்டி, உனக்கு என்ன குறைஞ்சு போகுது" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை ஒரு பெண்ணும் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். பதினோரு பேர் வந்தார்கள். தனியாக யார் அனுப்புவார்கள்? அம்மா, சித்தி, மதினி என்று ஒரு கல்யாணக் கூட்டமே கூட வந்திருந்தது. சிலர் வில்வண்டியில், பாதிப் பேர் தென்காசியிலிருந்து நடந்தே. என்னிடம் இருந்தது ஒரே ஒரு பூதக்கண்ணாடி. பெண்கள் பாவாடையைச் செருகிக்கொண்டு, பாறையில் குப்புறப் படுத்து, ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று பார்த்தார்கள். "ஏட்டி, ஊரே பார்க்குது, எந்திரி" என்று மகளை அதட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணாடியை மகள் கையிலிருந்து பிடுங்கித் தானே குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. "ரோஸ் கலர்ல இருக்கு ஆச்சி" என்று என் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அத்தையும் பார்த்தாள். நாற்பது வருஷமாக அதை மிதித்தவள், காலை ஒதுக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை வந்தது. "ம், திருத்திட்டு ஆரம்பி" என்றார் சயின்ஸ் சார். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "இவுக சொல்லுத மாதிரி அது பூன்னு யாரு சொல்லுதா? எந்திரிங்க பாப்போம்" என்றார்.

பதினோரு பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் எழவில்லை. அவருக்கு அதில் ஒரு திருப்தி. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த, நன்றாகப் படிக்கிற ஒருத்தியைக் காட்டி, "இதுதான் புத்தியுள்ள பிள்ளை. நீ சொல்லு, அது என்ன? பாசிதானே?" என்றார்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"தெரியாது சார். எங்க வீட்டுல விடல, நான் போய்ப் பார்க்கல. அதான் எந்திரிக்கல. பார்க்காம பாசின்னும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போர்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். வகுப்புக்கு முதுகைக் காட்டக் கூடாது என்ற பாடம் அன்றைக்கு ஒரு நிமிஷம் மறந்துபோனது. பிறகு இரண்டாம் பாடத்தை முழுசாக நடத்தி முடித்தேன். நன்றாகவே நடத்தினேன்.

என்னைத் தேறவைக்கவில்லை. 'மேற்பார்வையாளர் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை' என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது உண்மைதான், நான் கட்டுப்படவில்லை. சித்தப்பா மறுவாரமே ஜாதகத்தோடு வந்து உட்கார்ந்தார். நான் முடியாது என்றேன். தப்பு செய்து தோற்றிருந்தால் சொன்ன பேச்சைக் கேட்பேன், சரியானதைச் சொல்லித் தோற்றதற்கு எனக்குத் தண்டனை வேண்டாம் என்றேன். வீட்டில் யாருக்கும் அப்படிப் பேசிப் பழக்கமில்லை, எனக்கும் இல்லை. அப்பா அத்தையைப் பார்த்தார். "அவ பொய் சொல்லல தம்பி. நானும் பார்த்தேன்லா" என்றாள் அத்தை. ஜாதகம் வந்த வழியே செங்கோட்டைக்குத் திரும்பியது.

அடுத்த வருஷம் மறுபடியும் எழுதினேன், வேறொருவர் மேற்பார்வையில். அப்போதும் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு அதே செடிதான், இந்தத் தடவை பாறைச் சில்லோடு பெயர்த்து, உலர்ந்த துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். தேறினேன். அதன் பிறகு முப்பது வருஷம் வகுப்பில் நின்றேன்.

நான் ஆசிரியையானது நாற்பத்து நாலில் என்று என் சான்றிதழில் இருக்கிறது. அது தப்பு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்: பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்று ஒரு பெண் எழுந்து நின்று சொன்ன அந்தத் திங்கட்கிழமையே நான் டீச்சர் ஆகிவிட்டேன்.