நந்தியாவட்டையில் ஏழு பாம்புக்குட்டிகள்

நந்தியாவட்டைச் செடியில் பாம்பு வந்து குட்டி போடும் என்று நான் நம்பினேன். அப்போது எனக்கு முப்பது வயது. மலாயாவில் குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. துரையின் கடிதங்களிலேயே பிழை திருத்துகிறவன் என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பெயர் வேறு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வாசல் செடியில் ஏழு குட்டிகளைப் பார்த்தேன். விரல் தடிமன், பச்சை உடம்பு, கழுத்தருகே முறைத்துக்கொண்டு இரண்டு நீலக் கண்கள். பின்னால் ஒரு சின்னக் கொம்பு. பாம்புக்கு வாலில் கொம்பு ஏது என்று கேட்க அறிவு வேலை செய்ய வேண்டுமே! கால்கள்தான் முதலில் வேலை செய்தன. ஆபீசில் போய் நின்ற பிறகுதான் ஒரு செருப்பு வீட்டிலேயே தங்கிவிட்டது தெரிந்தது.

பயப்படக் காரணம் இருந்தது. பிரசவத்துக்காகச் சிங்கப்பூரிலுள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி சனிக்கிழமை ரயிலில் கைக்குழந்தையோடு வருவதாக இருந்தது. மகனை நான் இன்னும் பார்த்ததுகூட இல்லை. அவனை இந்த வீட்டிலா படுக்க வைப்பது?

கங்காணியை அழைத்துச் செடியை வெட்டச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். பாராங் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, இது நாகம்மா அனுப்புன புள்ளைங்க. உங்க புள்ளைக்குக் காவலா வந்திருக்கு. நான் வெட்டுனா என் குடும்பம் வெளங்குமா?"

"அப்ப எனக்குக் காவல் யாருய்யா?"

"பாலும் முட்டையும் வைங்க. அதுங்க பாட்டுக்கு இருக்கும்."

வைத்தேன். சாயங்காலம் லயத்துப் பெண்கள் வந்து மஞ்சள் துணி கட்டிச் சூடம் கொளுத்திவிட்டுப் போனார்கள். மறுநாள் பால் காலி, முட்டை காலி, குட்டிகளும் காலி. தோட்டத்தில் பூனைகள் உண்டு என்பது என் நினைவுக்கே வரவில்லை.

செடியில் இருந்தவரை கண்ணுக்காவது தெரிந்தன. இப்போது எங்கே? ஒன்று மட்டும் படியருகே பரபரவென்று போய்க்கொண்டிருந்தது. பச்சை மாறிப் பழுப்பாகியிருந்தது. ஒரே நாளில் பெரிய பாம்பாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். தலையணை உறையை உதறினேன். பூட்ஸைக் கவிழ்த்தேன். அரிசி டின்னைக் கொட்டி மறுபடி அள்ளினேன். தொட்டில் துணியை நான்கு முறை உதறினேன். ஐந்தாவது முறை அது கிழிந்தது. சாப்பிடும்போது இரண்டு காலும் நாற்காலிக்கு மேலேதான். வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் ஸ்டேஷனுக்கு ஓடித் தந்தி அடித்தேன்: வீடு சரியில்லை, வர வேண்டாம்.

அந்தத் தந்திதான் அவளை ஒருநாள் முன்னதாகவே ரயிலேற்றியது. வெள்ளிக்கிழமை வந்து இறங்கினாள். குழந்தையும் கையுமாக நேரே படுக்கையறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"எங்க அவ?"

"எவ?"

"பொண்டாட்டி பிரசவத்துக்குப் போனா வீடு சரியில்லாம போயிடுமா? யாரக் கொண்டாந்து வச்சிருக்கீங்க?"

"ஐயோ, பாம்புடி! ஏழு பாம்பு!"

செடியிடம் அழைத்துப் போனேன். அதாவது, பத்தடி தள்ளி நின்று கையைக் காட்டினேன். அவள் மொட்டையாகிக் கிடந்த கிளைகளைப் பார்த்தாள். அடியில் மிளகு கொட்டினாற்போல் கிடந்த எச்சத்தையும் பார்த்தாள்.

"என்னங்க, பாம்பு என்னிக்கு எலை தின்னுச்சு?"

"புள்ளயப் புடிங்க" என்று குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, ஒரு கொட்டாங்கச்சியால் சருகை ஒதுக்கி மண்ணைக் கிளறினாள். பேரீச்சம்பழம் போல ஒன்று உருண்டு வந்து வாலை நெளித்தது. நான் படியேறிவிட்டேன்.

"ஓடுங்க, ஓடுங்க. நல்லவேள, புள்ளயத் தூக்கிக்கிட்டாவது ஓடுறீங்க."

அவை அந்துப்பூச்சியின் புழுக்கள்; நீலக் கண்கள் வெறும் புள்ளிகள். இலையைத் தின்று முடித்து, செடியிலிருந்து இறங்கி, சருகுக்கடியில் ஒரு விரல் ஆழ மண்ணில் கூட்டுப்புழுவாகியிருந்தன. செடியின் அடியில் ஆறு கிடைத்தன. ஏழாவது, படியருகே இருந்த பூந்தொட்டிக்குக் கீழே கிடந்தது. அன்று மத்தியானம் என் மகன் அந்த வீட்டிலேயே தூங்கினான்.