துணிக்குப் பின்னால் நின்றவர்கள்

காலை ஆறே காலுக்குத் திருவாரூரில் பஸ் ஏறினேன். ஆலங்கொல்லை பதினெட்டு கிலோமீட்டர். டிக்கெட் ஒன்றரை ரூபாய். தை மாதம், சாலையின் இருபுறமும் அறுவடை. என் மடியில் இருந்த பையைக் காட்டி, என்ன வியாபாரம் என்று கேட்டார் கண்டக்டர். பழைய போட்டோக்கள் என்றேன். அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன். பழைய வீடு என்றால் எனக்குக் கிறுக்கு. ஆலங்கொல்லைப் பண்ணையாரின் ‘பெரிய வீடு’ பற்றிச் சிறு புத்தகம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டார் சென்னைக்குப் போய்விட்டார்கள். என்னை நம்பி ஒன்பது படங்களை இரவல் தந்திருந்தார்கள். முன்வாசல், தேக்குத் தூண், கூடம் எல்லாம் அவற்றில் இருந்தன. கொல்லைப்புறம் மட்டும் இல்லை. அங்கே வேலை பார்த்தவர்களைக் கேட்டால்தான் உண்டு.

ஏழு மணிக்கு இறங்கினேன். பெரிய வீடு பூட்டிக் கிடந்தது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் காத்தானின் வீடு. பண்ணையாளாக இருந்தவர், அறுபது வயதிருக்கும். அண்ணன் மகள் வசந்தா கூட இருந்தார். பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். சனிக்கிழமை என்பதால் விடுமுறை. காத்தானிடம் நான் நீட்டிய படங்களை வசந்தா முந்திக்கொண்டு வாங்கினார். படத்தில் கைரேகை படுமே என்ற கவலை எனக்கு.

“எங்கப்பா மொகம் எனக்கு ஞாபகமில்ல சார். ஒரு போட்டோகூட கெடையாது. அந்த வீட்டு விசேஷம் எதுலயாச்சும் ஓரமா நின்னுருப்பாரான்னு பாக்குறேன்.”

அப்பா பெயர் வீரய்யன். கூலியை உயர்த்தினால்தான் அறுப்பு என்று ஆட்கள் வயலில் இறங்காத வருஷம் அவரை ஜெயிலில் போட்டார்களாம். நோயோடு திரும்பி வந்து சில மாதங்களில் இறந்தபோது வசந்தாவுக்கு மூன்று வயது. ஒன்பது படங்களையும் அவர் இரண்டு தடவை பார்த்துவிட்டார். பண்ணையாட்கள் ஒருவர்கூட எதிலும் இல்லை. அது எனக்கு முன்பே தெரியும்.

காத்தான் கல்யாணப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நாற்காலிகளில் மணமக்களும் மாப்பிள்ளையின் பெற்றோரும். பின்னால் வெள்ளைச் சுவர். கூடத்தில் எடுத்தது என்று நான் எழுதியும் வைத்திருந்தேன். காத்தான் சிரித்துவிட்டார்.

“இது செவுரு இல்லிங்க, வேட்டி. வாசல்ல பந்தல் போட்டு இருட்டாப் போச்சு. வெளிச்சத்துக்காகக் கொல்லைக்கு வந்தாங்க. மாட்டுக்கொட்டா தெரியக் கூடாதுன்னு துணியப் புடிக்கச் சொன்னாங்க. தென்னமரத்துப் பக்கம் நானு, வைக்கப்போர் பக்கம் அண்ணன்.”

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வலது ஓரத்தில் வைக்கோல் கொஞ்சம் தெரிந்தது. அதற்கு மேலே, துணியின் மூலையைப் பற்றியபடி நான்கு விரல்கள். ஆறு மாதமாக அதைக் கறை என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கண்ணாடியை வசந்தாவிடம் கொடுத்தேன். அவர் வெகுநேரம் அதைத் திருப்பித் தரவில்லை.

“போட்டோ புடிக்கிறாங்க, வாங்கடான்னுதான் கூப்புட்டாங்க,” என்றார் காத்தான். “அண்ணன் எண்ண தடவி, தல சீவி, தோச்ச வேட்டி கட்டிக்கிட்டு வந்துச்சு. அசையாதீங்கன்னு சொன்னப்ப, துணிக்குப் பின்னால நாங்களும் மூச்ச அடக்கிக்கிட்டுதான் நின்னோம்.”

வசந்தா நிமிர்ந்தார். “வகிடு எந்தப் பக்கம் சித்தப்பா எடுத்துருந்தாரு?”

காத்தான் யோசித்து, தன் தலையில் இடப்பக்கம் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். வசந்தா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது, புத்தகத்தில் அப்பா பெயரைப் போடுவீர்களா என்று ஒரு முறைதான் கேட்டார். வீட்டார் என்ன சொல்வார்களோ தெரியாது. போடுகிறேன் என்றேன்.

பதினொன்றே காலுக்குத் திரும்பும் பஸ். எங்கள் வீட்டுக் கூடத்தில் என் அப்பாவின் படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது. அவருக்கு வகிடு எந்தப் பக்கம் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. நோட்டை எடுத்து, ‘கூடத்தில்’ என்பதை அடித்துவிட்டுப் படத்துக்குக் கீழே வரவேண்டியதை எழுதினேன்: கொல்லைப்புறம். உட்கார்ந்திருப்பவர்கள், மணமக்களும் மாப்பிள்ளையின் பெற்றோரும். நிற்பவர்கள், காத்தான், வீரய்யன்.