சேற்றுப் பொட்டு

"இண்டைக்கு ஆறு எப்பிடிக் கிடக்கு, ஆர் சொல்லுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே புஸ்பம் டீச்சர் செருப்பைக் கழற்றுகிறார். மட்டக்களப்பு வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம். சுற்றாடல் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகள் பாடசாலைக்குப் பின்னாலுள்ள கரைக்கு ஓடுகிறார்கள். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். "உப்புக் கூடிட்டு டீச்சர்!" "அப்ப முகத்துவாரம் திறந்து கடல்தண்ணி உள்ள வருது. மறுகா, வேற என்ன?" சரியாகச் சொன்ன பிள்ளையின் நெற்றியில், கரைச் சேற்றைத் தொட்டு ஒரு பொட்டு வைக்கிறார். பரிசு அவ்வளவுதான்.

அந்தப் பொட்டு அழியாமல் இருக்க, வாங்கிய பிள்ளை அன்றைக்கு முகம் கழுவுவதில்லை. எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், முகம் கழுவாதவர்களில் ஒருத்தி என் மகள் வினோதினி.

நானும் அதே பாடசாலையில் பெரிய வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பூமி சூடேறும் கதை என் பாடத்திலும் வருகிறது. நிறச் சுண்ணக்கட்டியால் உருண்டை வரைந்து, சூரியக் கதிருக்கெல்லாம் அம்புக்குறி போட்டு முடிப்பதற்குள் பின் வாங்கில் இருப்பவர்கள் கொட்டாவி விட்டுவிடுவார்கள். டீச்சருக்கு உருண்டையும் வேண்டாம், அம்பும் வேண்டாம். "சூடு கூடினாக் கடல் ஏறும். கடல் ஏறினா ஆறும் ஏறும். மறுகா உங்கட அப்பாட வயல் வட்டைக்குள்ள உப்புத் தண்ணி வந்து வேளாண்மை கருகும், மனே" என்பார். வயற்காரர் வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும்.

அப்படி என்ன இருக்கிறது அவரிடம் என்று பலமுறை பார்த்துவிட்டேன். வவுணதீவுப் பக்கமிருந்து சைக்கிளில் வருகிறார். சேலைக் கரையில் எப்போதும் காய்ந்த சேறு. குரலாவது இனிமையா என்றால், அக்கரைத் தோணிக்காரரைக் கூப்பிடுகிற குரல். வரவு இடாப்பு மார்க் பண்ண மறப்பார். ஆசிரியர் கூட்டத்தில் நித்திரை கொள்வார். ஆனாலும் இடைவேளையில் பிள்ளைகள் அவரைத்தான் மொய்க்கிறார்கள். வீட்டில் நான் எதைச் சொன்னாலும், "புஸ்பம் டீச்சர் அப்பிடிச் சொல்லல்லயே" என்கிறாள் மகள். சோறு இறங்குமா எனக்கு?

கரையோரமாகக் கொஞ்சத் தூரம் போனால் ஆமியின் காவல் சென்றி ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கண்ணாக்காடெல்லாம் யுத்தத்தில் வெட்டுப்பட்டு வெறும் சேறாகிவிட்டது. அலையையும் காற்றையும் மறித்து நின்ற அலையாத்தி மரங்கள் அவை. சென்றிக்கு அப்பால் மறுபடியும் கண்ணா நட வேண்டும் என்று டீச்சர் முகாமுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். போன மாதம் ஒரு காலை புறப்பட்டார்கள். ஓர் ஆண் துணை இருக்கட்டும் என்று அதிபர் என்னையும் சேர்த்துவிட்டார். அயன் பண்ணிய வெள்ளைச் சேட்டோடு வரிசையின் கடைசியில் நடந்தேன்.

சென்றியில் அன்றைக்கு நின்றவன் அனுமதிக் கதை தெரியாத புதியவன். கொஞ்சம் தமிழும் தெரிந்தவன். அதுதான் வில்லங்கமாகிவிட்டது. "தங்கச்சி, எங்க போறது?" என்று முன்னால் போன வினோதினியைக் கேட்டான்.

"கண்ணா நடப் போறம்!" என்றாள் உற்சாகமாக.

அவனுக்குத் தெரிந்தது கண்ணி, கண்ணிவெடி. "கண்ணி?" என்றவனின் துவக்கு தோளிலிருந்து இறங்கியது. டீச்சர் சுமந்து வந்த உரப்பையிலிருந்து, சாண் நீளமும் கூர்முனையுமாகக் கண்ணாக் காய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "கை மேல!" என்று கத்தினான். பிள்ளைகள் கைகளைத் தூக்கினார்கள்.

டீச்சர் பையைக் கீழே போட்டுவிட்டு வினோதினிக்கு முன்னால் போய் நின்றார். "கண்ணி இல்ல தம்பி, கண்ணா! கண்ணா!" தோணிக்காரரைக் கூப்பிடும் அதே குரல். அவர் சொல்லச் சொல்ல அவனுக்குக் கண்ணி என்றே கேட்டது. உள்ளேயிருந்து இன்னும் இருவர் துவக்கோடு ஓடிவந்தார்கள். என் மகள் டீச்சரின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். பயிற்சிக் காலத்தில் நீர்கொழும்பில் கேட்டிருந்த ஒரு சிங்களச் சொல் எங்கிருந்தோ வந்தது.

"கடொலான! மாத்தையா, கடொலான!" என்று அலறினேன்.

"கடொலான?" அவன் ஒரு காயை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். முகர்ந்தான். தன் ஊரிலும் இது இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். துவக்குத் தோளுக்கு ஏறியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வழியெல்லாம் பிள்ளைகளுக்கு ஒரே பேச்சு. "டீச்சர் துவக்குக்கு முன்னாலயே போய் நிண்டாவே!" கடைசியில் நடந்த என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்துபோன பிள்ளை அப்பாவிடம் அல்லவா ஓடி வர வேண்டும்? வினோதினி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். உயிர் தப்பிய சந்தோஷத்திலும் எனக்கு வயிறு எரிந்தது.

பிள்ளைகள் முழங்கால் சேற்றில் இறங்கிக் காய்களை ஊன்றினார்கள். நான் டீச்சரின் குடையோடு மேட்டில் நின்றேன். நட்டு முடிந்ததும் அவர் வழக்கம்போலக் கேட்டார்: "ஆமிக்காரன் ஏன் நம்மள விட்டவன், ஆர் சொல்லுவீங்க?"

"நீங்க முன்னால நிண்டதால, டீச்சர்!"

"இல்ல மனே. நான் கத்தக் கத்த அவனுக்குக் கோவம்தானே கூடினது. கண்ணாவுக்குச் சிங்களத்தில என்ன பேர்?"

"கடொலான" என்றாள் வினோதினி மெதுவாக. "அப்பா சொன்னவர்."

"அப்ப சரியான மறுமொழி ஆர்ட?"

டீச்சர் குனிந்து சேற்றைத் தொட்டார். என் நெற்றியையும் வெள்ளைச் சேட்டையும் ஒருமுறை பார்த்தார். பிறகு விரலிலிருந்த சேற்றை வினோதினியின் விரலில் பூசி, அவள் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பிவிட்டார்.